இருபத்தைந்து என்றால் எந்த இருபத்தைந்து?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கிய முதல் வாரம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவை மாற்ற வந்த ஒரு இளம் படகு டிரைவர், கையில் இருந்த போனை என் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, பாருங்க, காத்து இருபத்தஞ்சுதான் காட்டுது. இதுக்குப் போயி, கடலுக்குப் போற டோக்கனத் தரமாட்டேங்குறாக."

வாங்கிப் பார்த்தேன். 25 என்றுதான் இருந்தது. ஆனால் திரையின் மூலையில் கேடி (kt) என்று இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. அது நாட் கணக்கு, கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு. கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 46. அன்று காலை வானிலை மையம் விட்ட அறிவிப்பும் மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று என்றுதான் சொல்லியிருந்தது. அந்தத் தம்பியின் போனும் அறிவிப்பும் ஒரே காற்றைத்தான் சொல்லின. அவர் 25 என்பதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் படகுகளுக்கு ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கும் எக்கோ, வயர்லெஸ் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கருவி கெட்டுப்போய் வரும் சிக்கலைவிட, நன்றாக வேலை செய்யும் கருவியைத் தப்பாகப் படிப்பதால் வரும் சிக்கல்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. கெட்டுப்போன கருவியை யாரும் நம்புவதில்லை. வேலை செய்யும் கருவியை முழுசாக நம்பிவிடுகிறோம்.

முதலில் கணக்கு. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். 1929-இல் மொனாகோவில் கூடிய பன்னாட்டு நீர்ப்பரப்பு மாநாட்டில் முடிவான அளவு இது. ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அந்த வேகம் ஒரு நாட். எனவே ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். "மணிக்கு 20 நாட்" என்று செய்திகளில்கூடப் பார்க்கிறேன். நாட் என்ற சொல்லுக்குள்ளேயே மணி இருக்கிறது, 20 நாட் என்றால் போதும். நம் ஆட்கள் "எட்டு நாட்டிக்கல் ஸ்பீடு" என்பார்கள். நாட்டிக்கல் என்பது கடல் மைல், அது தூரம். நாட் வேகம். இரண்டையும் கலந்து பேசினால் வயர்லெஸில் கேட்பவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்கிறீர்களா, எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்கிறீர்களா என்று புரியாமல் போகும்.

நாட் என்றால் முடிச்சு. பாய்க்கப்பல் காலத்தில், நீளக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நுனியில் ஒரு மரப்பலகையைக் கட்டிக் கப்பலின் பின்னால் விடுவார்கள். 28 விநாடி ஓடும் மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனதோ அதுதான் கப்பலின் வேகம். நாம் ஆழத்தைப் பாகம் கணக்கில் சொல்வது மாதிரிதான் இதுவும். இரண்டு கையை விரித்தால் ஒரு பாகம், கைக்குள் ஓடுகிற கயிறே அளவுகோல். அதனால் நாட் என்பதை ஏதோ அந்நிய விவகாரமாக ஒதுக்கத் தேவையில்லை.

"எல்லாவற்றையும் கிலோமீட்டராகவே மாற்றிவிட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். கரையில் சரி. கடலில் கடல் மைலுக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, நகர்ந்தால் ஒரு கடல் மைல். ராமேசுவரம் ஏறக்குறைய 9 டிகிரி 17 நிமிடத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் வடக்கே வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) 9 டிகிரி 27 நிமிடத்தில் நிற்கிறீர்கள் என்றால், எந்தக் கருவியும் இல்லாமலே சொல்லிவிடலாம், பத்துக் கடல் மைல். பத்து நாட் வேகத்தில் ஓடும் படகுக்கு ஒரு மணி நேரப் பாதை. தீர்க்கரேகையில் ஒரு நிமிடத்துக்கு உரிய தூரம் நம் பகுதியில் நூற்றுக்கு ஒரு பங்கு சொச்சம் குறையும், சிறு ஓட்டத்துக்கு அது பெரிதில்லை.

மீட்டரும் இதே பூமியில் பிறந்ததுதான். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தைக் கோடிப் பங்காக்கி ஒரு பங்கை மீட்டர் என்று பிரெஞ்சுக்காரர்கள் 1790-களில் வகுத்தார்கள். அதாவது துருவத்திலிருந்து நடுக்கோடு வரை 10,000 கிலோமீட்டர். அதே தூரம் 90 டிகிரி, டிகிரிக்கு 60 நிமிடம், ஆக 5,400 கடல் மைல். 10,000-ஐ 5,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.85 வரும். இது தெரிந்த பிறகு நான் வாய்ப்பாடு எதுவும் மனப்பாடம் செய்ததில்லை. 54 நாட் என்றால் 100 கிலோமீட்டர், 27 நாட் என்றால் 50 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் நடுவில் வருவதையெல்லாம் ஊகித்துவிடலாம்.

படகில் நின்றுகொண்டு பெருக்கல் போட யாருக்கும் நேரம் இருக்காது. என் வழி இதுதான். நாட் கணக்கை இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 20 நாட் என்றால் 40, அதில் 4 போக 36. சரியான விடை 37. படகின் ஓட்டத்துக்கு இது போதும். கிலோமீட்டரிலிருந்து நாட்-க்கு வர, பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைச் சேருங்கள். 60 கிலோமீட்டர் என்றால் 30, கூட 3, ஆக 33. சரியான விடை 32.4. சில செயலிகள் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டும். அதை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய நாட் வந்துவிடும், 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

ஆனால் காற்றுக்கு மட்டும் அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்காதீர்கள். 25 நாட் காற்று என்றால் 50 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 46-தான், தெரியும். காற்றைக் கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போட்டவர் ஒரு நாள் தொழிலை இழப்பார். குறைத்துப் போட்டவர் இழப்பது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காற்றின் தள்ளுவிசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 25 நாட் என்பதை 25 கிலோமீட்டர் என்று தப்பாகப் படித்தால் வேகத்தில் 1.85 மடங்கு பிசகு. படகின் பக்கவாட்டில் வந்து மோதும் விசையில் அது 3.4 மடங்கு பிசகு. மூன்று பேர் தள்ளுவார்கள் என்று காலை ஊன்றி நின்றால், பத்துப் பேர் வந்து தள்ளுகிறார்கள். வடகடலில் இது இன்னும் மோசம். அங்கே ஆழம் குறைவு என்பதால் அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி எழும். ஒன்றிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வாடைக்காலத்தில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது இதே குழப்பத்தைக் கண்ணால் பார்த்தேன். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்த புயல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்து, நம் மாவட்டக் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. போன்களில் 30 என்று காட்டியதைப் பார்த்துவிட்டு, "முப்பதுதானே, மெயின்ரோட்டுல பைக் போற ஸ்பீடு" என்று ஒருவர் சொன்னார். அது 30 நாட், மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேல். கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று இடித்து உடைய அது தாராளமாகப் போதும்.

புயல் வகைகளின் எல்லைகள்கூட நாட் கணக்கில்தான் வகுக்கப்பட்டவை. 17 முதல் 27 நாட் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34-ஐத் தொட்டால் புயல், 48-இல் தீவிரப் புயல், 64-இல் அதிதீவிரப் புயல். செய்தியில் 63, 89, 118 என்று உடைந்த எண்ணாக வருவது இவற்றைக் கிலோமீட்டராக மாற்றியதால்தான். 34-உம் 64-உம், காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் 8-ஆம், 12-ஆம் படிகள் தொடங்கும் இடம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் கடலையும் பாயையும் பார்த்து வகுத்த படிகளிலிருந்து வளர்ந்தது அது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் காற்றின் வேகத்தைச் சொல்லும் எண் அல்ல, அது எச்சரிக்கையின் படி. அப்புறம், இந்திய வானிலைத் துறை சொல்லும் புயல் வேகம் மூன்று நிமிடச் சராசரி. இடையிடையே வரும் வீச்சு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். "இடையிடையே 65 கிலோமீட்டர்" என்று அறிவிப்பின் கடைசியில் வருகிறதே, படகைக் கவிழ்ப்பது அந்த வீச்சுதான். அதை விட்டுவிட்டு முதல் எண்ணை மட்டும் கேட்டுப் போகாதீர்கள்.

இனி படகின் வேகத்துக்கு வருகிறேன். ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒரு மாலை கோபத்தோடு வந்தார். புது ஜி.பி.எஸ். பொய் சொல்கிறது, ஒரு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடலாம் என்று பார்த்துக் கிளம்பினோம், இருட்டிவிட்டது என்றார். கருவியைத் திறந்து பார்த்தேன். தூரம் கடல் மைலிலும் வேகம் கிலோமீட்டரிலும் அமைந்திருந்தது. சில கருவிகளில் இரண்டையும் தனித்தனியாக அமைக்க முடியும். யாரோ பட்டனை அழுத்தி ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். திரையில் தூரம் 16, வேகம் 14. டிரைவர் மனக்கணக்காக ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டுவிட்டார். 14 கிலோமீட்டர் என்பது ஏழரை நாட். 16 கடல் மைலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று டீசல் இருந்ததால் பிழைத்தார்கள்.

மறுபக்கத்தில் இலங்கையோடு உள்ள கடல் எல்லைக்கோடு. கருவி கிலோமீட்டரில் 5 காட்டும்போது அதைக் கடல் மைல் என்று நம்பினால், இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் 2.7 கடல் மைல்தான். எட்டு நாட் வேகத்தில் அதைக் கடக்க இருபது நிமிடம் போதும். நம் கடலில் இருபது நிமிடத்தில் என்னென்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கரைப் பக்கமும் இதே கதைதான். கரையிலிருந்து 3 கடல் மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் அல்ல.

இன்ஜின் நின்றுபோய் நீரோட்டத்தில் போகும் படகைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். வயர்லெஸில் "ரெண்டுல இழுத்துட்டுப் போகுது" என்று மட்டும் சொல்கிறார்கள். இரண்டு நாட் என்றால் ஐந்து மணி நேரத்தில் பதினெட்டரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இரண்டு கிலோமீட்டர் என்றால் பத்துதான். தேடி வருபவர்கள் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, ஆள் இல்லாத தண்ணீரில் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் 16-ஆம் சேனலிலோ கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ உதவி கேட்கும்போது, டிகிரியும் நிமிடமுமாக இடத்தைச் சொல்லிவிட்டு, "ரெண்டு நாட், தென்கிழக்கே" என்று அலகோடும் திசையோடும் சொல்லுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும் என்பதால், கரையில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை படகில் ஏறும்போது ஜி.பி.எஸ்.-இன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தூரமும் வேகமும் கடல் மைல், நாட் என்று ஒரே ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் காற்றைக் காட்டும் செயலியைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள், அறிவிப்பு கிலோமீட்டரில்தான் வருகிறது, ஒப்பிட எளிது. என் கடைக்கு வரும் ஒவ்வொரு கருவியின் மேல்விளிம்பிலும் இப்போது வெள்ளை டேப் ஒட்டி, தூரம் கடல் மைல், வேகம் நாட் என்று தமிழில் எழுதித்தான் திருப்பித் தருகிறேன். உப்புக்காற்றில் மூன்று மாதத்துக்கு மேல் எழுத்து நிற்பதில்லை. அழிந்தால் கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் மறுபடி எழுதித் தருகிறேன்.