பச்சை விளக்கு எரிகிறது, சிக்னல் எங்கே?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து துல்லியமான நேரம் எடுத்துத் தரும் கருவி டைமிங் ரிசீவர். அதில் ‘ஆன்டெனா ஓகே’ என்று பச்சை விளக்கு எரியும், ஆனால் நேரம் தடுமாறும். அந்த விளக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு கேபிள் வழியே கரண்ட் போகிறது. சிக்னல் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது.

போதாக்குறைக்கு, டைமிங் ரிசீவர் தன் இருப்பிடத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், ஒரே ஒரு செயற்கைக்கோளை வைத்தே நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அதுவும் போனால் உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் (ரிசீவரின் சொந்தக் கடிகாரம்) கொஞ்ச நேரம் சமாளிக்கும். கோளாறு முற்றும்வரை யாருக்கும் தெரியாது.

அதனால் விளக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ரிசீவர் காட்டும் டிபி-ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள்; இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதுதான் அது. தலைக்கு மேலே வானத்தின் உச்சியில் இருப்பவை 45ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. எல்லாமே 30க்குப் பக்கத்தில் கிடந்தால் கேபிள், கனெக்டர், ஆன்டெனா மூன்றில் ஒன்று. ஒரு திசையில் மட்டும் குறைந்தால் ஏதோ மறைக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்து, தானாகவே மீண்டால் பக்கத்தில் குறுக்கீடு இருக்கலாம்.

என் அனுபவத்தில் முதல் சந்தேகம் மாடியில் இருக்கும் கனெக்டர் மேல்தான். கழற்றினால் நடு பின் பச்சை பூத்திருக்கும், டேப்புக்கு அடியில் ஈரம் தேங்கியிருக்கும். ஆன்டெனாவுக்குப் போகும் டிசி கரண்ட் அதைத் தாண்டிப் போய்விடும், 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜிபிஎஸ் சிக்னல் தேய்ந்துவிடும். துடைத்து மாட்டிப் பயனில்லை. கேபிளின் பின்னலுக்குள்ளும் தண்ணீர் ஏறியிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டி, புது கனெக்டர் போட வேண்டும்.

ஒரே ஆன்டெனாவைப் பல ரிசீவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் இன்னும் வேடிக்கை. பல ஸ்ப்ளிட்டர்களில் ஒரு போர்ட்தான் ஆன்டெனாவுக்கு கரண்ட் கொடுக்கும்; மற்றவற்றில் ரிசீவரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் இருக்கும். கரண்ட் கொடுக்கும் ரிசீவரை யாராவது அணைத்தால் எல்லோருக்கும் சிக்னல் போய்விடும், ஆனால் மற்ற ரிசீவர்களில் பச்சை மாறாது! மின்னல் தடுப்பானையும் விடாதீர்கள். டிசியை விடாத வகையை மாட்டியிருந்தால் ஆன்டெனா முனையில் மல்டிமீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.

சிக்னல் குறைவு என்றதும் அதிக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள ஆன்டெனா வாங்க ஓடுபவர்கள் உண்டு. கேபிள் நீளம் குறைவாக இருந்தால் அது ரிசீவரைத் திணறடிக்கும்.

அப்புறம், கேபிளை மாற்றினால் ரிசீவரில் பதிந்திருக்கும் கேபிள் டிலேயையும் (சிக்னல் கேபிளைக் கடக்கும் நேரம்) மாற்றுங்கள். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோசெகண்ட். 20 மீட்டர் கூடினால் 100 நானோசெகண்ட் பிசகும்.