டி.என்.ஏ. பாலிமெரேஸ்: பலபடியாக்கு நொதி

கிரேக்கத்தில் ‘பாலி’ பலவற்றையும் ‘மெரோஸ்’ பகுதியையும் குறிக்கும். சிறு மூலக்கூறுகள் கோக்கப்பட்டு உருவாகும் நெடுஞ்சங்கிலிக்குப் பாலிமர் என்னும் பெயர் இவ்விரண்டிலிருந்தே வந்தது. ‘ஏஸ்’ என்னும் ஈறு, 1833இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்ட டயஸ்டேஸ் என்ற நொதியின் பெயரிலிருந்து ஏனைய நொதிகளுக்கும் பரவியது. ஆகவே சங்கிலி கோக்கும் நொதி என்பதே பாலிமெரேஸ் என்னும் சொல்லின் நேர்ப்பொருள். ஈ. கோலை பாக்டீரியத்தில் டி.என்.ஏ.வைக் கோக்கும் நொதியை முதன்முதலாகக் கண்டறிந்த ஆர்தர் கோர்ன்பெர்க், 1959இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாலிமரைத் தமிழ்நாட்டில் ‘பலபடி’ என்றும், கிரேக்க மூலத்துக்கு இன்னும் நெருக்கமாக இலங்கையில் ‘பல்பகுதியம்’ என்றும் எழுதுகிறார்கள். ‘பலபடியாக்கு நொதி’ என்பது எனக்கு ஏற்புடையது. ஆனால் ‘படியெடுத்தல்’ என்பது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைக் குறிக்கும் பாடநூற்சொல்லாக நிலைத்துவிட்டதால், குழப்பம் நேராதிருக்க ‘டி.என்.ஏ.’ என்னும் அடையை எப்போதும் முன்னே சேர்ப்பது நல்லது.

மெய்க்கருவுயிரிகளின் (உட்கரு உள்ள செல்களாலான உயிரிகளின்) செல்களில் டி.என்.ஏ. பாலிமெரேஸ் தனியொரு நொதியன்று, பல குடும்பங்களின் பொதுப்பெயர். இந்நொதிகளால் புதிய இழையைத் தொடங்க இயலாது, இருக்கும் முனையை நீட்டவே இயலும் என்பதால், தொடக்க ஆர்.என்.ஏ. துணுக்கை உண்டாக்கும் பிரைமேஸ் நொதியுடன் இணைந்த ஆல்பா என்னும் பாலிமெரேஸ் முதலில் சிறிது தொலைவு கோக்கிறது. அதன்பின் தொடர்ச்சியாக வளரும் இழையைப் பெரும்பாலும் எப்சிலான் பாலிமெரேஸும், ஒக்கசாக்கி துண்டுகள் எனப்படும் சிறுசிறு துண்டுகளாக வளரும் மற்ற இழையை டெல்டா பாலிமெரேஸும் ஏற்கின்றன. இவ்விரண்டும் தவறாகச் சேர்ந்த எழுத்தை (டி.என்.ஏ. அலகை) வெட்டி நீக்கும் திறனும் உடையவை. ஆல்பாவுக்கு அது இல்லை.

ஆல்பா, டெல்டா, எப்சிலான் மூன்றும் ஆர்க்கியாக்களிலும் (பாக்டீரியங்களிலிருந்து வேறான, உட்கருவற்ற நுண்ணுயிரிகளிலும்) காணப்படும் ‘பி’ குடும்பத்தவை. மைட்டோகாண்டிரியாவில் இயங்கும் காமாவோ, கோர்ன்பெர்க் கண்ட நொதியைப் போல ‘ஏ’ குடும்பத்தது. மைட்டோகாண்டிரியா பாக்டீரியத்திலிருந்து தோன்றியதாயினும், காமா நெருங்கி ஒத்திருப்பது பாக்டீரியங்களைத் தாக்கும் டி7 போன்ற வைரசுகளின் நொதியையே.

பரிணாமத்தின் தடம் மிகத் தெளிவாகத் தெரிவது எப்சிலானில்தான். அதன் பெரிய புரதத்தில் இரண்டு பாலிமெரேஸ் பகுதிகள் அடுத்தடுத்து அமைந்திருக்க, முதலாவது மட்டுமே டி.என்.ஏ.வைக் கோக்கிறது, இரண்டாவது அத்திறனை இழந்துவிட்டது. எனினும் ஈஸ்ட் செல்லில் கோக்கும் பாதியை நீக்கினால் செல் தளர்ந்தேனும் பிழைக்கிறது, கோக்காத பாதியை நீக்கினால் இறந்துவிடுகிறது. ஏனெனில் டி.என்.ஏ. இரட்டிப்பின் தொடக்கத்தில் இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் தொகுதி அமைவதற்கு அந்தப் பாதியே துணைநிற்கிறது.