கியர்பாக்ஸோடு காயலான் கடைக்குப் போகும் கணக்கு

தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் பழைய ஜீப் ஒன்று போன மாதம் என் பட்டறைக்கு வந்தது. முன்சக்கர ஓட்டக் கார் ஒன்றின் பெட்ரோல் எஞ்சினை அதில் இறக்கி, இரண்டையும் பொருத்த இடையில் 12 மி.மீ. கனத்தில் ஓர் அடாப்டர் தட்டு வைத்து, ஜீப்பின் கியர்பாக்ஸோடு சேர்த்திருந்தார்கள். வெல்டிங் சுத்தம், தட்டும் நல்ல லேத் வேலை. ஓட்டுநரின் பெரிய குறை ஒன்றுதான்: “தள்ளினால் உடனே கிளம்புகிறது சார், செல்ஃபில் மட்டும் கிளம்புவதில்லை.” இரண்டு பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் மாற்றிவிட்டார்களாம். வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவாராம்.

தள்ளினால் கிளம்புகிறது என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கை பேட்டரிப் பக்கம் போகும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இந்த வண்டியில் செல்ஃப் நன்றாகவே சுற்றியது. ஸ்கேனரை மாட்டிச் சுற்றவிட்டேன். எஞ்சின் வேகம் பூஜ்யம் என்றது, நடுவில் ஒருமுறை 90 என்று காட்டி மறுபடியும் பூஜ்யத்துக்குப் போனது. எஞ்சின் சுற்றுவதே அதை இயக்கும் கணினிக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது தீப்பொறியும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது.

சுற்றுவதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். சில எஞ்சின்களில் அது முன்பக்கக் கப்பி அருகே எஞ்சினிலேயே இருக்கும். அவற்றில் கியர்பாக்ஸை மாற்றினாலும் தொல்லை இல்லை. வேறு சிலவற்றில் அது கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சினின் பின்முனையில் சுற்றும் பல் வைத்த கனச் சக்கரமான ஃப்ளைவீலைப் பார்க்கும். டஸ்டரில் வந்த ரெனோ 1.5 டீசல் அப்படி. 1991 முதல் வந்த ஜீப் 4.0 லிட்டர் எஞ்சினும் அப்படித்தான். சென்சார் படிக்கும் பற்கள் எஞ்சினோடு தங்கிவிடுகின்றன, சென்சாரின் இருக்கையோ பழைய கியர்பாக்ஸோடு போய்விடுகிறது. புதிய கியர்பாக்ஸில் அதற்கான துளையே இராது. இந்த ஜீப்பிலும் கண்மதிப்பில் ஒரு துளை போட்டுச் சென்சாரைச் சொருகியிருந்தார்கள்.

அந்தத் துளை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சென்சாரின் முனையில் ஒரு சிட்டிகை அப்பி, இருக்கையில் மாட்டி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினேன். பல் உரசிய தடம் முனையின் ஒரு பாதியில் மட்டுமே இருந்தது. மறுபாதியில் களிமண் வைத்தது வைத்தபடி. தடம் பதிந்த இடத்திலும் 2 மி.மீ.க்கு மேல் களிமண் மிச்சம். சாதாரணமாக அந்த இடைவெளி 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். தட்டின் 12 மி.மீ. கனம் பெல் ஹவுசிங்கை அப்படியே பின்னுக்குத் தள்ளியதைத் துளை போட்டவர் கணக்கில் கொள்ளவில்லை.

இது இரண்டு கம்பியுள்ள காந்தச் சுருள் வகைச் சென்சார். பல் எவ்வளவு வேகமாகக் கடக்கிறதோ அவ்வளவு மின்னழுத்தம் எழும். செல்ஃபின் மந்தமான சுற்றில், பாதி முகமும் இரட்டை இடைவெளியுமாக, எழுந்த அழுத்தம் கணினிக்கு எட்டவில்லை. இரண்டாம் கியரில் தள்ளியபோது வேகம் கூடியது, சைகையும் கூடியது, வண்டி கிளம்பியது. மூன்று கம்பியுள்ள ஹால் வகைச் சென்சாராக இருந்திருந்தால் கதை வேறு. அதன் சைகையின் உயரம் வேகத்தைப் பொறுத்ததல்ல.

இத்தோடு முடியவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டுகிறது என்று ஓட்டுநர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அதுவும் அதே துளையின் வேலைதான். இந்த ஃப்ளைவீலில் 60 பல்லுக்கான இடம், அதில் 2 பல் இல்லை. ஒரு பல் 6 பாகை. இல்லாத பற்களின் இடைவெளியிலிருந்து எண்ணித்தான் முதல் பிஸ்டன் எப்போது உச்சிக்கு வரும் என்று கணினி முடிவு செய்கிறது. 260 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீலின் சுற்றளவு ஏறக்குறைய 817 மி.மீ. அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டரும் 0.44 பாகை. இங்கே துளை 11 மி.மீ. விலகியிருந்தது, சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக. பற்கள் முன்கூட்டியே சென்சாருக்கு வந்ததால் தீப்பொறியும் ஏறத்தாழ 5 பாகை முந்தியது. மறுபக்கம் விலகியிருந்தால் பிந்தியிருக்கும். அப்போது தட்டாது, ஆனால் இழுவை குறைந்து சூடேறும்.

பழைய கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் மூன்று அளவுகள் எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எஞ்சினின் பின்முகத்திலிருந்து சென்சாரின் மையம் எவ்வளவு உள்ளே இருக்கிறது, பல்லுக்கும் முனைக்கும் இடைவெளி எவ்வளவு, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இல்லாத பற்களின் இடத்திலிருந்து எத்தனையாவது பல் சென்சாருக்கு நேரே இருக்கிறது. கால் மணி நேர வேலை. இங்கே கியர்பாக்ஸ் முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டது. அதே மாடலின் உடைந்த பெல் ஹவுசிங் ஒன்றைத் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. எஞ்சினை இறக்கி, தட்டை எடுத்துவிட்டு அதை மாட்டி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, சென்சார் இருக்கைக்கு நேரே நின்ற பல்லில் பெயின்ட் வைத்தேன்.

புதிய இருக்கையைப் பெல் ஹவுசிங்கில் வைக்கவில்லை. அடாப்டர் தட்டு எஞ்சினோடு டோவல் பின்னில், அதாவது இடம் பிசகாமல் நிறுத்தும் ஆணியில், உட்காருகிறது. அதிலேயே 8 மி.மீ. அலுமினியத்தில் சென்சாருக்கு ஒரு தாங்கி (பிராக்கெட்) செய்து பொருத்தினேன். நாளை கியர்பாக்ஸை எத்தனை முறை இறக்கினாலும் சென்சார் அசையாது. மெல்லிய தகட்டில் தாங்கி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அதிர்ந்து, வேகம் கூடும்போது தீப்பொறி தவறும். சென்சாரின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். சைகை தலைகீழாகி டைமிங் குழம்பும்.

வண்டி செல்ஃபிலேயே கிளம்பியதும் நான் விட்டுவிடவில்லை. கப்பியில் உச்சிக்குறி போட்டு, தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தேன். ஸ்கேனர் 10 பாகை என்றால் கப்பியிலும் 10 தெரிய வேண்டும். தெரிந்தது. பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேறிய நிலையில் பத்து முறை அணைத்துக் கிளப்பிப் பார்த்தேன். சூட்டில் சுருளின் மின்தடை ஏறும், விளிம்பில் நிற்கும் சைகை அப்போதுதான் கைவிடும். பத்து முறையும் கிளம்பியது, சமதரையில்.