அவுட்போர்டு மோட்டாருக்கு டைமிங் லைட்: கோட்டை நம்பும் முன்

போன தை மாதம் ஆறுகாட்டுத்துறைத் தம்பி ஒருவர் தன் படகின் அவுட்போர்டு மோட்டாரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார். மண்ணெண்ணெயில் ஓடும் இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஹெட்டைத் திறந்து பார்த்தால் மேல் பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை. ஆறு மாதத்தில் இது இரண்டாவது பிஸ்டன். "போன தடவ வேற இடத்துல லைட் வச்சுத்தாண்ணே டைமிங் பார்த்தாங்க, கரெக்டா இருந்துச்சு" என்று சத்தியம் செய்யாத குறை.

அவர் சொன்னது உண்மைதான். டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம். பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னி, மோட்டார் தலையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் கோடு அப்போது எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் டைமிங் லைட். புது பிஸ்டன் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி நானும் லைட் பிடித்தேன். ஐடிலில், அதாவது த்ராட்டில் திருகாத மெதுவான ஓட்டத்தில், கோடு நிற்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது. ஆனால் கயிறு இழுக்கும்போது கையைத் திருப்பி உதைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அணைத்துவிட்டு, புல்லர் போட்டு ஃப்ளைவீலை எடுத்தேன். உள்ளே இருந்த அரைவட்டக் கீ பாதி வெட்டுப்பட்டுப் படிக்கட்டு மாதிரி இருந்தது. விசிறி (ப்ரொப்பல்லர்) எங்கேயாவது தட்டியதா என்று கேட்டேன். ஆடியில் முகத்துவாரத்து மணல் திட்டில் ஏறி மோட்டார் சட்டென்று நின்றுபோனதாம்.

விசிறி நின்றால் ஃப்ளைவீல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டும் நிற்கும். கனமான ஃப்ளைவீல் வந்த வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். உண்மையில் ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கூம்பு மாதிரி சரிந்த தண்டும், நட்டின் இறுக்கமும்தான். கீ அதைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதோடு சரி. நட்டு தளர்வாக இருந்தால் அந்தச் சின்னக் கீயால் தாங்க முடியாது. 20 மில்லி தண்டில் ஃப்ளைவீல் 1 மில்லி நகர்ந்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி. தீப்பொறி அவ்வளவு முன்னதாக விழும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு அதைத் தலையில் அடிக்கிறது. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடச் சுலபமாக நாக்கிங் என்கிற தட்டல் சத்தம் கொடுக்கும் எரிபொருள். கடலில், முழு வேகத்தில் அந்தச் சத்தம் யார் காதில் விழும்?

சரி, லைட் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இந்த மாதிரி சிடிஐ (எலக்ட்ரானிக் முறையில் பொறி கொடுக்கும்) மோட்டாரில் தீப்பொறிக்குச் சைகை கொடுக்கிற காந்தம் ஃப்ளைவீலில் இருக்கிறது. நாம் பார்க்கிற கோடும் அதே ஃப்ளைவீலில்தான். நகர்ந்தபோது இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. லைட்டுக்குத் தெரிவது பொறி விழும் நொடியில் கோடு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால் லைட்டை நம்புவதற்கு முன்னால் கோட்டைச் சோதித்துவிட வேண்டும். பழைய பிளக் ஒன்றில் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, நடுவில் முனை மழுங்கிய ஒரு போல்ட்டைப் பிடிக்கவைத்தால் அதுதான் பிஸ்டன் ஸ்டாப்பர். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, மேல் சிலிண்டரில் இதை முடுக்குங்கள். அவுட்போர்டில் ஒன்றாம் நம்பர் பெரும்பாலும் மேல் சிலிண்டர்தான். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், கயிறு இழுக்கவே கூடாது. பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும் இடத்தில், பக்கத்தில் அசையாமல் நிற்கும் காட்டி முள்ளுக்கு நேராக ஃப்ளைவீலில் ஒரு குறி. எதிர்ப்பக்கமாகச் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரி நடுவே பிஸ்டனின் உச்சி. அது ஃப்ளைவீலில் உள்ள பூஜ்யத்தோடு பொருந்தினால் கீயும் நல்லது, முள்ளும் நல்லது. அந்தத் தம்பியின் மோட்டாரில் 9 மில்லி தள்ளியிருந்தது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு டிகிரி என்பது ஒன்றரை மில்லிதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு உச்சி பார்ப்பவர்கள் உண்டு. உச்சிக்குப் பக்கத்தில் சில டிகிரி வரைக்கும் பிஸ்டன் நகர்வதே தெரியாது, அந்த முறையை நம்பாதீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு சேற்றிலிருந்து தோண்டியெடுத்த மோட்டார்கள் நிறைய வந்தன. உப்பும் துருவும் ஏறிய தண்டு, சுத்தியலால் தட்டி ஏற்றிய ஃப்ளைவீல், வளைந்துபோன முள். சிலவற்றில் ஃப்ளைவீலே வேறு மாடலுடையது. தண்டில் அது அழகாக உட்காரும், கோடு மட்டும் வேறு கணக்கில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் மோட்டார் வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி எந்த லைட் வாங்குவது. என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: இருப்பதிலேயே சாதாரணமானது. பிளக் ஒயரைக் கவ்வும் கிளாம்ப், 12 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு ஒயர், ஒரு பட்டன். அது போதும். பின்னால் டிகிரி திருகும் டயல், டிஜிட்டல் திரை எல்லாம் கார் பட்டறைக்காக வந்தவை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று கணக்கு வைத்துச் செய்திருப்பார்கள். நம் டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி. டூ ஸ்ட்ரோக் என்று மாற்றும் வசதி இல்லாத லைட் 1500 சுற்றை 3000 என்று காட்டும். டயலைத் திருப்பிப் பார்த்தால் 30 டிகிரியை 60 என்று சொல்லும். டயல் லைட்தான் கையில் இருக்கிறது என்றால் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஃப்ளைவீல் அளவைப் படியுங்கள். பிளக் ஒயரை நடுவில் பிரித்து மாட்டும் பழைய நியான் லைட்டும் சிலரிடம் இருக்கிறது. இருட்டில்தான் தெரியும், நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

சிடிஐ பொறி மிகக் குறுகியது. சில மலிவான கிளாம்புகள் அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டு மின்னும். கடையில் வாங்கும்போது வாசலில் நிற்கும் ஏதாவது பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரில் மாட்டிப் பாருங்கள். டெல்டாவில் அது நிற்காத கடை வாசல் கிடையாது, அதுவும் டூ ஸ்ட்ரோக். முறுக்கும்போது விடாமல் மின்னினால் வாங்கலாம். உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் ஈரக் கைக்கு நல்லது.

கயிறு இழுக்கும் மோட்டாரில் பேட்டரி இருக்காது. ஒரு பைக் பேட்டரியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் லைட்டிங் காயிலிலிருந்து கரண்ட் எடுத்து லைட்டை எரித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர். அது ஏசி, வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கிளாம்பை ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரில், அம்புக்குறி இருந்தால் அது பிளக்கைப் பார்க்கும்படி, வாய் முழுக்க மூடும்படி மாட்டுங்கள். ஒயர்கள் எதுவும் ஃப்ளைவீல் பக்கம் தொங்கக் கூடாது. கோட்டில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு தீற்று வைத்தால் பளிச்சென்று தெரியும். முள்ளை நேராகப் பார்த்துப் படியுங்கள், சாய்ந்து பார்த்தால் ஒன்றிரண்டு டிகிரி மாறும்.

எத்தனை டிகிரி என்று போனில் கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. மாடலுக்கு மாடல் வேறு. மண்ணெண்ணெய் மோட்டாருக்கு அதற்கான புத்தகம்தான், அதே தோற்றத்தில் இருக்கும் பெட்ரோல் மோட்டாரின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். பல மோட்டார்களில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஃப்ளைவீலுக்குக் கீழே காயில்கள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டும் கூடவே நகர்ந்து டைமிங்கை ஏற்றும், அதாவது பொறியை முன்னதாக விழவைக்கும். அதனால் ஐடிலில் ஒன்று, முழு த்ராட்டிலில் ஒன்று என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பிஸ்டனை ஓட்டையாக்குவது இரண்டாவதுதான். அதைக் கரையில், லோடு இல்லாமல் பார்க்கவே பார்க்காதீர்கள். தண்ணீர் மட்டும் கொடுத்து விசிறிக்கு வேலை இல்லாமல் முழு த்ராட்டில் திருகினால் மோட்டார் கட்டுமீறிச் சுற்றி நொறுங்கிவிடும். படகை ஜெட்டியில் நல்ல கயிற்றால் கட்டி, ஆழமான தண்ணீரில், பின்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒருவர் த்ராட்டிலில், ஒருவர் லைட்டில். அதுவும் சில நொடிகள்தான்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். லைட் பிடித்தால் ஃப்ளைவீல் நின்றுவிட்டது போலத் தெரியும். கோடு அப்படியே உறைந்து நிற்கும். 5000 சுற்றில் ஓடுவது அது. என்னிடம் தொழில் பழக வந்த பையன் ஒருவன் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கக் கையை நீட்டினான். நான் பக்கத்தில் இருந்ததால் கையைத் தட்டிவிட்டேன். துண்டு, கழுத்துச் செயின், அரைஞாண் கயிறு, மடித்துக் கட்டிய கைலி எதுவும் திறந்த ஃப்ளைவீலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. இன்னொன்று, ஐடிலில் 900 சுற்று என்றால் லைட் நொடிக்கு 15 முறை மின்னும். வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அந்த வேகத்து மின்னலே வலிப்பைக் கொண்டுவரும். வேடிக்கை பார்க்க நிற்பவர்களிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இழுவை குறைந்தது என்றவுடன் டைமிங்கைத் தொடாதீர்கள். சிடிஐ மோட்டாரில் அது தானாக மாறுவது அபூர்வம். விசிறி, பிளக், கார்பரேட்டர், எண்ணெய்க் கலவை, கம்ப்ரஷன் எல்லாம் பார்த்த பிறகுதான் அது. நான் லைட்டை அதிகம் எடுப்பது வேறு வேலைக்கு: ஓடும்போது ஒவ்வொரு பிளக் ஒயரிலும் மாற்றி மாற்றிக் கிளாம்பை மாட்டினால், எந்தச் சிலிண்டரில் மின்னல் விட்டுவிட்டு வருகிறதோ அந்தப் பக்கத்துக் காயிலையோ ஒயரையோ சந்தேகப்படலாம். ஆனால் ஒழுங்காக மின்னினால் பிளக் நல்லது என்று அர்த்தமில்லை. கரி பிடித்து ஷார்ட்டான பிளக்கிலும் ஒயரில் கரண்ட் ஓடும், லைட்டும் மின்னும்.

ஆறுகாட்டுத்துறை மோட்டாருக்குப் புதுக் கீ போட்டு, தண்டையும் ஃப்ளைவீலின் உட்புறத்தையும் துடைத்துக் காயவைத்து, புத்தகத்தில் உள்ள டார்க் (இறுக்க) அளவில் நட்டை இறுக்கினேன். பிறகு ஸ்டாப்பர் போட்டு உச்சி பார்த்தேன், பூஜ்யத்தில் நின்றது. லைட் பிடித்தால் கோடு முன்பு நின்ற அதே இடத்தில்தான் நின்றது. தம்பிக்கு அதுதான் புரியவே இல்லை. பழைய கீயைக் கையில் கொடுத்துப் படிக்கட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.