லங்கர்: சொல்லும் சோறும்

சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்துவாராவுக்கு யார் போனாலும் சாப்பாடு உண்டு. அங்குள்ள சமையற்கூடத்துக்கும் அங்கே பரிமாறும் உணவுக்கும் லங்கர் என்றே பெயர். தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் 'அன்னதானம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாத சொல் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வேரைப் பார்ப்போம். லங்கர் ஒரு பாரசீகச் சொல். கப்பலை நிறுத்தும் இரும்புக்கு அந்தப் பெயர். ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் சோறிடும் இடத்துக்கும் அதே பெயர். நாம் சொல்லும் 'நங்கூரம்' இந்தச் சொல்லின் திரிபுதான். தமிழுக்குக் கடல் பொருள் வந்து சேர்ந்தது. சோற்றுப் பொருள் சூஃபி மடங்களில் வழங்கி, பஞ்சாபில் சீக்கியரிடம் நிலைத்தது.

குருநானக் (1469–1539) ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூரில் வாழ்ந்த காலத்திலேயே இந்தப் பொது உணவு தொடங்கிவிட்டது. இரண்டாம் குரு அங்கதரின் மனைவி மாதா கீவி அதைப் பொறுப்பெடுத்து நடத்தினார். அவருடைய லங்கரில் நெய் விட்ட பாயசம் கிடைத்ததைக் குரு கிரந்த சாகிபே பாடுகிறது. ஒரு சமயத்தின் புனித நூலில் சமையற்கூடம் நடத்திய பெண்ணின் பெயரும் அவர் இட்ட பாயசமும் இடம்பெற்றிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மூன்றாம் குரு அமர்தாஸ் வகுத்த ஒழுங்கு இது: முதலில் 'பங்கத்', பிறகு 'சங்கத்'. குருவைப் பார்க்க வருகிறவர் எவரானாலும், எந்தச் சாதியானாலும், எல்லாரோடும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து சாப்பிட்ட பிறகே சபைக்குள் போகலாம். பங்கத் வேறெதுவும் இல்லை, நம்முடைய பந்திதான். இரண்டுக்கும் 'பங்க்தி' என்ற வடசொல்லே மூலம். ஆளைப் பார்த்துப் பரிமாறுவதைப் 'பந்தி வஞ்சனை' என்கிறோமே, அதை ஒழிக்க வந்த பந்தி இது.

சரி, அன்னதானம் ஏன் பொருந்தாது? தானம் என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். லங்கரில் காலையில் ரொட்டி தேய்த்தவரே மதியம் பந்தியில் உட்காருவார். சாப்பிட்டு எழுந்தவர் பாத்திரம் கழுவப் போவார். ரொட்டியை அங்கே 'பர்ஷாதா' என்பார்கள், இரு கைகளையும் ஏந்தி வாங்குவார்கள். அது குருவின் பிரசாதம். பரிமாறுகிறவருக்கு அதில் கொடையாளி என்ற பெருமை கிடையாது.

சீக்கிய வாழ்வுக்கு மூன்று கடமைகள் சொல்லப்படுகின்றன: இறைவன் பெயரை நினைத்தல், நேர்மையாக உழைத்து ஈட்டுதல், பகிர்ந்து உண்ணுதல். மூன்றாவதன் பஞ்சாபிப் பெயர் 'வண்ட் சக்ணா'. 'வண்ட்' என்றால் பகிர்தல், 'சக்ணா' என்றால் உண்ணுதல். இதற்கு அச்சு அசலான தமிழ்ச் சொல் குறளிலேயே இருக்கிறது: பாத்தூண் (227). பாத்து என்பது பகுத்து, ஊண் என்பது உணவு.

அதனால் உணவைப் 'பாத்தூண்' என்றும், அது நடக்கும் இடத்தைப் 'பாத்தூண் சாலை' என்றும் எழுதலாம். முதல் தடவை மட்டும் பக்கத்தில் லங்கர் என்று சேர்த்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.