பேரப்பிள்ளைகள் வருமுன் தறியில் பாவு ஏற்றிவிடுங்கள்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் என் தொலைபேசிக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "ரீச்சர், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். தறியை என்ன செய்வது?" திருகோணமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெசவுப் போதனாசிரியையாக வேலை செய்தவள் நான். அன்று என்னிடம் பழகிய இளம் பெண்களில் பலர் இன்று அம்மம்மாக்களாகவும் அப்பம்மாக்களாகவும் வீட்டுக் கொட்டிலில் தறி போட்டு நெய்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆகவே இதை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும். சிலர் தறியைச் சீலையால் மூடிவிட்டு, ஓடர் தந்தவரிடம் சாக்குச் சொல்லலாம் என்று நினைப்பார்கள். சிலர் பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவிரவாக நெய்து முடிக்கலாம் என்று நினைப்பார்கள். முதலாவது வழியில் அடுத்த ஓடர் வராது. இரண்டாவது வழியில் துணி கெடும். பகல் முழுவதும் பிள்ளைகளின் பின்னால் ஓடிய அறுபது வயது உடம்பு, மின்குமிழ் வெளிச்சத்தில் கடும்நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவதில்லை. அறுந்த இழையைக் கண் தவறவிட்டால் காலையில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்து கிடக்கும். அதைப் பிரித்து மீண்டும் நெய்ய, நெய்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் போகும்.

நெசவில் இடையில் விட்டு எழும்பக்கூடிய வேலையும் உண்டு, எழும்பவே கூடாத வேலையும் உண்டு. எழும்பக் கூடாதவற்றையெல்லாம் விடுமுறைக்கு முன்னரே முடித்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைகளோடு இருந்துகொண்டே செய்யலாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் எது எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பாவு ஓட்டுவது, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை எண்ணி அளந்து ஆயத்தப்படுத்துவது, எழும்பக் கூடாத வேலை. எண்ணிக்கொண்டிருக்கும்போது "அம்மம்மா, தண்ணீர்" என்று ஒரு குரல் வந்தால் எண்ணிக்கை போய்விடும். இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும், நூலை அடித்து நெருக்கும் சீப்புப் போன்ற அச்சிலும் இழை கோப்பது அதைவிடக் கடுமையானது. 45 அங்குல அகலத் துணிக்கு அங்குலத்துக்கு 60 இழை என்றால் 2700 இழை. அதில் ஓர் இழை இடம் மாறினாலும் அந்தப் பிழை துணியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேர்கோடாக ஓடும். நடுவில் திருத்த வேண்டுமானால் அந்த இடத்திலிருந்து விளிம்புவரை உருவிக் கோக்க வேண்டும். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இந்த வேலை செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் அவர் இழை கோத்துப் பார்க்காதவர்.

நெய்வது அப்படியில்லை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடத்தை அனுப்பி, அந்த நூலான ஊடையை அடித்து, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால் எழுந்து போகலாம். ஆனால் மதியச் சமையல் முடியும்வரையோ மறுநாள் வரையோ விடுவதானால் பாவின் இழுவையைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போங்கள். முறுக்காக இழுத்தபடி விட்ட இடத்தில், மீண்டும் நெய்யத் தொடங்கும்போது துணியில் குறுக்காக ஒரு தழும்பு விழும். கழுவினாலும் முழுமையாகப் போகாது. கோலம் போட்ட கரையாக இருந்தால் ஒரு கோலம் முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், ஒரு குண்டூசி குத்திவிட்டுப் போங்கள். தார் சுற்றுவது (ஓடத்துக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவது), குஞ்சம் முடிவது, துவாய்களுக்கு ஓரம் தைப்பது எல்லாம் கதை சொல்லிக்கொண்டே செய்யக்கூடியவை.

சாயம் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டில் நிற்கும் நாட்களில் சாய வேலை வேண்டவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

தண்ணீரில் நேராகக் கரையாத வற் சாயத்துக்குக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற தூளும் வேண்டும். காஸ்டிக் கரைசல் தண்ணீர்போலவே தெரியும். அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் போகவில்லை. கடற்கரையில் விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது குளிர்பானம்தான். ஒரு மிடறு போதும். தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும், பிறகு உணவுக்குழாய் சுருங்கி வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய வேண்டிவரும். ஆகவே காஸ்டிக்கை அது வந்த கொள்கலனிலேயே, பெயர் ஒட்டியபடி, பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். சாயத்துக்கு எடுத்த கரண்டியும் சட்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

ஹைட்ரோஸுக்கு ஈரம் பகை. ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், மூக்கை அடைக்கும் கந்தக நெடியும் எழும். டிசம்பர் மழைக்குக் கூரை ஒழுகும் கொட்டில்களில் இதை நிலத்தில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உப்பும் சோடாவும் சேர்த்துப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் பாதுகாப்பானவை என்று பலர் எண்ணுகிறார்கள். அவற்றின் தூளைச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா வரும். தூள் அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால்: காஸ்டிக் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தால் காரம் முறிந்துவிடும் என்று அயலில் யாராவது சொல்வார்கள்; கேட்காதீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கவைத்து உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். போத்தலையோ பெட்டியையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். பிள்ளை கத்தும். கத்தட்டும், கழுவுவதை நிறுத்தாதீர்கள்.

தறியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கயிற்றை இழுத்து ஓடத்தை ஓடவிடும் முறையை இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் 1733இல் கண்டுபிடித்தார். அதனால் நெசவு வேகமானது, ஓடம் பாயும் பொருளும் ஆனது. பாவு தொய்ந்திருந்தாலோ இழையொன்று குறுக்கே கிடந்தாலோ உலோக முனையுள்ள ஓடம் தறியைவிட்டு வெளியே பறக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் வழமையாக எங்கே நிற்பார்கள்? ஓடம் வந்து நிற்கும் இரு பக்கங்களிலும்தான், ஓடப் பெட்டிக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு. அவர்களை உங்கள் பக்கத்தில் பலகையில் இருத்துங்கள், அல்லது பின்னால் நிற்கச் சொல்லுங்கள். குழித்தறி வைத்திருப்பவர்கள் எழும்பும்போது குழியைப் பலகையால் மூடுங்கள். பாவுருளையின் பற்சக்கரத்தைப் பிடித்துநிற்கும் கொக்கியைச் சின்னவர்கள் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள், கயிற்றால் கட்டிவிடுங்கள். மின்மோட்டரில் தார் சுற்றுபவர்கள் எழும்பும்போது பிளக்கையும் கழற்றிவிடுங்கள். தலைமயிரும் துப்பட்டாவும் அதில் சிக்குவது கண்ணிமைக்கும் நேரத்து வேலை.

இனி நேரத்தைப் பற்றி. திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் காலநிலையே ஒரு நேரசூசி போட்டுத் தந்திருக்கிறது. ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும். மேற்கே மழையை இறக்கிவிட்டு, காய்ந்து வெந்து நம்மிடம் வருகிற காற்று. பருத்தி நூல் ஈரத்தில் உறுதி கூடும், காய்ந்தால் பொடுக்குப் பொடுக்கென்று அறும். மதிய வெயிலில் பிடிவாதமாகத் தறியில் இருப்பவர்கள் நெய்வதைவிட முடிச்சுப் போடுவதே அதிகம். ஆகவே பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னர், விடிகாலைக் குளிர்ச்சியில் தறியில் ஏறுங்கள். வெயில் ஏறியதும் இறங்கிவிடுங்கள். பிற்பகலை அவர்களுக்கே கொடுங்கள். கடலும் அந்த மாதங்களில் நம் பக்கத்தில் அமைதியாக இருக்கும்: உப்புவெளியில் குளிக்கலாம், நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகலாம். வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குள் திரியும் மான்களைக் காட்டிக்கொண்டே கோணேசர் கோயிலுக்கு ஏறலாம். மான்களுக்குப் பொலித்தீன் பையோடு தீன் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஆனால் அது வேறு கட்டுரை.

டிசம்பர் இதற்கு எதிர்மாறு. வாடைக்காற்றும் மழையும், கடலில் இறங்கவே முடியாது. நூல் அறாது, நெசவுக்கு நல்ல காலம். ஆனால் பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். அப்போதுதான் "எனக்கும் நெய்யத் தாருங்கள்" என்ற கேள்வி வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். ஓடர் பாவில் அவர்களை இருத்தாதீர்கள். பிழைவிட்டால் நீங்கள் ஏசுவீர்கள், அவர்கள் தறியை வெறுப்பார்கள். பாவு ஓட்டும்போதே ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் கூட்டி ஓட்டிவிட்டால் ஓடர் முடிந்த பிறகு அந்த மிச்சம் அவர்களுடையது. இழை தொய்ந்து, விளிம்பு வளைந்து, நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கி ஒரு கைலேஞ்சி வரும். அதைப் பிரித்துத் திருத்தாதீர்கள். மிதிக்குக் கால் எட்டாத பிள்ளைக்கு மட்டை அட்டையின் இரு ஓரங்களிலும் வெட்டுப் போட்டு நூல் சுற்றிக் கொடுத்தால் போதும், முழுப் பிற்பகலும் போய்விடும். நான்கு வயதுப் பிள்ளை தார்களை நிறம்நிறமாகப் பிரித்து அடுக்கும். அதுவே நமக்கு உதவிதான்.

ஆனால் உதவிக்கும் வேலை வாங்குவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. ஓடர் முடியவில்லை என்று பதின்மூன்று வயதுப் பேரனை நாள் முழுவதும் தார் சுற்ற வைப்பதை விடுமுறை என்று சொல்லக் கூடாது. இலங்கையில் வேலைக்கு அமர்த்துவதற்கான மிகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சொந்த வீட்டுக்குச் சட்டம் வராது என்று வாதாடுவதைவிட, பிள்ளை எழுந்து போக விரும்பும்போது போகவிடுகிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஓடரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கரையில் வெளிநாட்டுப் பயணிகள் வரும் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. விடுதிகள் மேசைவிரிப்பும் துவாயும் கேட்பதும் அந்தக் காலத்தில்தான். பேரப்பிள்ளைகள் வருவதும் அதற்குள்தான். ஆகவே ஏப்ரலிலேயே பேசி, ஜூலைக்குள் கொடுக்கக்கூடியதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் கேட்கிறவர்களிடம் செப்டெம்பர் என்று நேராகச் சொல்லுங்கள். திகதி பிந்தும் என்று முன்கூட்டியே சொன்ன நெசவாளியைவிட்டு வாடிக்கையாளர் போவது அரிது. கடைசி நாளில் தொலைபேசியை எடுக்காத நெசவாளியைவிட்டுத்தான் போவார்கள்.

நான் இதுவரை எழுதியது அம்மம்மாக்களுக்கு. இனி அவர்களுடைய பிள்ளைகளுக்கு.

கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் நீங்கள் அம்மா வீட்டில் சும்மா இருக்கிறா என்ற நினைப்போடு வருகிறீர்கள். தறி வீட்டுக்குள் இருப்பதால் அது வேலையாகத் தெரிவதில்லை. அலுவலகம் போகிற தாயிடம் "லீவு எடுக்க முடியுமா?" என்று கேட்கிற நீங்கள், தறியில் இருக்கிற தாயிடம் கேட்காமலே கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறீர்கள். "இந்த வயதில் ஏன் அம்மா இந்தக் கஷ்டம்? நாங்கள் காசு அனுப்புகிறோமே" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். நீங்கள் அனுப்பும் காசில் அவர் மருந்து வாங்குவார். துணி விற்ற காசில் உங்கள் மகளுக்கு ஒரு சோடித் தோடு வாங்குவார். இரண்டுக்கும் அவர் முகத்தில் தெரியும் வித்தியாசத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் அவர் தறியில் இருக்கும்போது பிள்ளைகளின் தேநீரை நீங்கள் ஊற்றுங்கள். பல மணி நேரம் குனிந்திருந்து எழும்பிய உடனே பதினைந்து கிலோப் பிள்ளையைத் தூக்கச் சொல்லாதீர்கள். அவர் கொஞ்சம் நடந்து முதுகை நிமிர்த்தட்டும். சாயப் பெட்டிக்குப் பூட்டு இல்லையென்றால் நகரத்துக்குப் போகும்போது ஒன்று வாங்கி வாருங்கள். பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னர் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள்: "அம்மா, பாவு எப்போது முடியும்? சாய வேலை இருக்கிறதா?" அவர் ஒரு கிழமை தள்ளி வரச் சொன்னால் மனம் நோகாமல் தள்ளி வாருங்கள்.