'ஜெபம் வரலை' என்பதும் ஓர் அறிகுறிதான்

விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன்பின் தூக்கம் இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் இதைச் சொன்னதும் உடனே வருகிற பதில், "ஆண்டவர் ஜெபிக்க எழுப்புறார்" என்பது. எழுந்து முகம் கழுவி, வேதத்தை எடுத்து உட்கார்ந்து, மனம் தெளிந்து எழுகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. கண் விழித்ததுமே நெஞ்சில் கல் ஏறி உட்கார, சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி ஆறு மணி வரை கிடந்து, 'இன்னொரு பகலா' என்று பயந்து, சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாகிறவருக்கு நடப்பது வேறு. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பதும், காலையில் பாரம் கூடி மாலையில் குறைவதும் மனச்சோர்வு நோயின் நம்பகமான அடையாளங்கள்.

வேலை போனதற்கோ, அன்பானவர் இறந்ததற்கோ வருந்துவது நோயல்ல. மருத்துவர்கள் பார்ப்பது இதை: மனம் வாடிக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, உடல் அசதி, கவனக் குறைவு, நடை பேச்சு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அளவுமீறிய குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது, இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் இருந்து, அன்றாட வேலையைக் கெடுத்தால் அது சிகிச்சை தேவைப்படுகிற நோய். இதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. 0 முதல் 27 வரை மதிப்பெண். 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊரில் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை கனக்குது, நெஞ்சடைக்குது, கை கால் ஓய்ஞ்சு போகுது, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க என்றுதான் வருகிறார்கள். விசுவாசிகளிடம் இந்த நோய் இன்னொரு உடுப்பும் போட்டுக்கொள்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. ஓர் அதிகாரத்தை நான்கு தடவை வாசித்தும் மனதில் நிற்பதில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர் கடைசி பெஞ்சுக்குப் போகிறார். பிறகு ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுகிறார். இருபது வருஷத்துக்கு முன்பு அறிக்கையிட்டு முடித்த பாவம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன்' என்ற பயம் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. திருவிருந்து நேரத்தில் 'நான் அபாத்திரன், தகுதியில்லாதவன்' என்று இருக்கையைவிட்டு எழாமல் இருப்பவரைப் போதகர்கள் கவனிக்க வேண்டும். பல நேரம் வீட்டாருக்கு முன்பே சபைக்குத் தெரிகிற அடையாளம் அது.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பதை விளக்கிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். ஜெபிக்கவும் வாசிக்கவும் கவனம் வேண்டும். நோய் முதலில் அதில் கை வைக்கிறது. ஆராதனையில் மகிழ, மகிழ்ச்சியை உணர்கிற மூளையின் ஏற்பாடு வேலை செய்ய வேண்டும். அது மங்கிக் கிடக்கிறது. பிரியாணி சாப்பிட்டாலும் மண்ணைத் தின்பது போல் இருக்கிறவருக்குப் பாமாலை மட்டும் எப்படி இனிக்கும்? பிரியாணி ருசிக்காததற்காக யாரும் மனந்திரும்பச் சொல்வதில்லை. ஜெபம் வராததற்கு மட்டும் விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்கிறோம். 'இன்னும் ஜெபி' என்பதையே ஒரே மருந்தாகக் கொடுத்தால், கால் முறிந்தவனை ஓடச் சொன்ன கதைதான். ஓட முடியாததையும் அவன் தன் பாவக் கணக்கில் எழுதிக்கொள்வான்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் சிகிச்சை முறையே அதில் கிடக்கிறது. கர்மேலில் அத்தனை பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறார். நோயின் முதல் வேலை, கூட இருப்பவரைக் கழற்றிவிடுவது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபமில்லை, இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடக் கொடுக்கிறான். தூக்கமும் உணவும் முதலில். நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் பேச்சு. அங்கே கேள்வி இரண்டு தடவை கேட்கப்படுகிறது. எலியா இரண்டு தடவையும் அதே பதிலைச் சொல்கிறார்: நான் ஒருவன்தான் மீதி. ஒரே எண்ணம் செக்கு மாடாய்ச் சுற்றுவதைத் தினம் பார்க்கிறவர்களுக்கு அந்த வசனங்கள் நன்றாகப் பழக்கமானவை. பேச்சு முழுதும் கேட்கப்பட்ட பிறகே, மீதி 7000 பேர் இருக்கிறார்கள் என்ற திருத்தம் வருகிறது. பிறகு கூட நடக்க எலிசா.

இந்த வரிசையை வீட்டில் அப்படியே செய்யலாம். சாப்பாட்டை வற்புறுத்தாமல், கொஞ்சமாக, நேரத்துக்கு. காலை வெயிலில் இருபது நிமிஷம் நடை. 'நடந்துட்டு வா' என்றால் போகமாட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போக வேண்டும். மூன்று அதிகாரத்துக்குப் பதில் ஒரு சங்கீதத்தில் நாலு வரி. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே முடிகிறது. துதியாக மாற்றித்தான் ஜெபிக்க வேண்டும் என்ற கட்டாயம் வேதத்துக்கே இல்லை. சொந்த வார்த்தை வராதவருக்கு எழுதிய ஜெபங்கள் கைகொடுக்கும். அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிஷம் ஜெபிக்கட்டும், இவர் ஆமென் சொன்னால் போதும். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தபோது இயேசு பார்த்தது 'அவர்கள்' விசுவாசத்தை என்றுதான் மாற்கு 2-இல் இருக்கிறது.

ஊழியருக்கே இது வராது என்று நினைப்பவர்கள் லண்டன் போதகர் ஸ்பர்ஜனை நினைத்துக்கொள்ளலாம். 1856 அக்டோபர் 19 அன்று லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கிக்கையில் யாரோ 'தீ' என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. மனச்சோர்வு ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. போதக மாணவர்களுக்கு அதைப் பற்றியே ஒரு விரிவுரை நடத்தினார். உடல் நோய், ஓய்வில்லாத வேலை, அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது என்று காரணங்களைத் தயங்காமல் சொன்னார்.

டாக்டரிடம் போனால் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகள் எழுதக்கூடும். தைராய்டு குறைந்தாலே இதே முகம் வரும். எப்போதாவது தூக்கமே தேவையில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கடன் வாங்கிச் செலவு செய்த நாட்கள் இருந்தனவா என்று கேட்பார், மறைக்காதீர்கள். அது இருமுனை நோயாக இருந்தால் மருந்தே மாறும்.

மாத்திரை விஷயத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் பத்தாம் நாள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் முதல் ஒரு வாரம், இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, படபடப்பு தரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். தொல்லை முன்னால், பலன் பின்னால். அதனால் 'இது ஒத்துக்கலை' என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவு தொடர வேண்டும். பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். இவை போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. அந்தப் பயம் வந்தது அல்ப்ரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற மாத்திரைகளால். அவற்றைச் சீட்டில் எழுதிய நாட்களுக்கு மேல் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

உபவாச ஜெபத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க. இருமுனை நோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் வரை போகும், உயிருக்கே ஆபத்து. இருமுனை நோய் உள்ளவரை முழு இரவு ஜெபத்தில் உட்கார வைத்தால், தூக்கம் கெட்டதே அந்த அளவுமீறிய உற்சாகத்தை மறுபடி கிளப்பிவிடலாம். லெந்து என்னும் தவக்காலத்தில் அவர் உணவுக்கும் தூக்கத்துக்கும் பதில் வேறு எதையாவது விட்டுக்கொடுக்கட்டும்.

சபையில் செய்யக் கூடாதவை சில. ஒருவரின் நோயை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மூன்றாம் வாரமே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். ஒரு தடவை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது, மேடையேறியவர் அப்போது வாய் திறக்க வெட்கப்படுவார். பிசாசு பிடித்தது என்று அடிப்பது, கட்டிப்போடுவது எல்லாம் கொடுமை; மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் தடுக்கிறது. எண்ணெய் பூசி ஜெபிப்பதில் தடையில்லை, மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லாதவரை. பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன்தானே.

இனி அவசரம். 'கர்த்தர் என்னை எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்', 'பரலோகம் போயிட்டா நிம்மதி' என்பதைப் பக்தி என்று கடந்துபோகாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் முளைக்காது, கேட்டதும் அழுதுவிட்டு மூச்சு விடுகிறவர்களே அதிகம். யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. மாத்திரைகள் வேறொருவர் கையில், அன்றன்றைக்கு உள்ளது மட்டும். கடவுளின் குரல் சாகச் சொல்கிறது, உணவில் விஷம் இருக்கிறது, நான் ஏற்கெனவே நரகத்தில் இருக்கிறேன் என்று பேசுகிறவரை விடியும் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று தற்கொலை முயற்சியை மறைக்க வேண்டாம். அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. மறுநாள் காலை அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவின் ஓ.பி. சீட்டுக்குக் கூட நிற்க ஒருவரை இன்றைக்கே பேசி வையுங்கள்.